வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை மாணவர்களின் பொறுப்பில் விட்டு 4 ஆண்டுகள் ஆகின்றன. அந்த 45 நிமிடங்களில் எதைப் பேசுவது, யாரோடு பேசுவது, எப்போது எழுந்து வேறு குழுவுக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். அந்தப் பேச்சு வட்டங்களிலிருந்தே ஒருவருக்கொருவர் வழிகாட்டும் வழக்கமும் முளைத்தது. இதைத் தங்கள் பள்ளியில் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதிலை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். சரியாக அமைந்தவற்றைவிடத் தவறிப்போனவை இதில் அதிகம் இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அவைதான் உதவும் என்று நம்புகிறேன்.

நான் கணித ஆசிரியை. ஒருநாள் விடுப்பில் இருந்த ஆசிரியருக்குப் பதிலாக எட்டாம் வகுப்புக்கு அனுப்பப்பட்டேன். சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே எனக்குச் சொல்லப்பட்ட வேலை. விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசையில் மூன்று பேர் தணிந்த குரலில் கடுமையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். எந்த எண்ணையும் பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்று முந்தைய வாரம்தான் கரும்பலகையில் எழுதி அதைச் சுற்றிக் கட்டமும் போட்டிருந்தேன். ஏன் கூடாது என்பதுதான் அவர்களுடைய வாதம்.

"பன்னிரண்டிலிருந்து மும்மூன்றாக எடுத்தால் நான்கு முறையில் தீர்ந்துவிடும். பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக எடுத்துப் பார், எப்போது தீரும்?" என்றாள் ஒருத்தி.

"தீரவே தீராது. அப்படியானால் விடை முடிவிலி என்று எழுதலாமே?" என்றான் ஒருவன்.

"எத்தனை முறை எடுத்தாலும் பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருக்கிறதே, பிறகு எதை விடை என்பது?" என்றாள் இன்னொருத்தி.

என் கணித வகுப்பில் இந்த மூவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நான் கட்டம் போட்டு மூடிய இடத்தை அவர்கள் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு ஆசிரியை கவனிக்காமல் இருக்கும் நேரம் தேவைப்பட்டிருக்கிறது. அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகும் இந்த நினைப்பு என்னை விடவில்லை.

பெரியவர்களின் கூடுகைகளில் இதற்கு ஒரு முறை ஏற்கெனவே உண்டு. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் பெரிய மாநாடு ஒன்றை ஓராண்டு பாடுபட்டு நடத்தினார். வந்தவர்களோ காபி இடைவேளைகள்தான் மிகவும் பயன்பட்டன என்றார்கள். அப்படியானால் மாநாட்டையே இடைவேளையைப் போல நடத்தினால் என்ன என்று அவர் யோசித்தார். அதன் விளைவாக 1985இல் தொடங்கியதுதான் திறந்தவெளி முறை. நிகழ்ச்சி நிரல் காலியாக இருக்கும். வந்தவர்களே தலைப்பை எழுதி ஒட்டுவார்கள், விருப்பமுள்ளவர்கள் அங்கே கூடுவார்கள். ஒரு குழுவில் தனக்குக் கற்பதற்கும் இல்லை, கொடுப்பதற்கும் இல்லை என்று உணர்பவர் எழுந்து இன்னொரு குழுவுக்குப் போகலாம். இதற்கு 'இரண்டு கால் விதி' என்று பெயர். மென்பொருள் துறையினரும் தன்னார்வக் குழுக்களும் இந்த முறையை நெடுங்காலமாகக் கையாள்கிறார்கள். பள்ளிக்குள் கொண்டுவரும்போது இதில் பலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றங்களைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் பிடித்தன.

முதல் முயற்சி முழுத் தோல்வி. தலைப்புகளை நானே கொடுத்தேன். 'நேரத்தின் அருமை', 'நூலகத்தின் பயன்' என்று கட்டுரைப் போட்டிக்குக் கொடுக்கிற தலைப்புகள். குழுவுக்கு ஒருவராக நன்றாகப் படிப்பவர்களைத் தலைவராக்கினேன். தலைவர்கள் பேசினார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோய், மீதி நேரம் எல்லோரும் மணியோசைக்குக் காத்திருந்தார்கள். ஒரு வகுப்பறையை ஏழு சிறிய வகுப்பறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னைப் போலவே பேசும் ஒரு குட்டி ஆசிரியரை உட்காரவைத்திருந்தேன்.

அடுத்த வாரம் தலைப்பு கொடுக்கவில்லை. "உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிற ஒன்றைப் பலகையில் எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னேன். யாரும் எழவில்லை. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டறிந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடியாக நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, தாமாகப் பேச முன்வருபவர்கள் கூடுகிறார்கள், பதிலே வராத தருணங்கள் குறைகின்றன. அதை நினைத்துக்கொண்டு கைகளைக் கட்டியபடி சுவரோரமாக நின்றேன். எனக்கு 3 நொடி போதவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடங்கள் போயின. நாமே ஒன்றை எழுதித் தொடங்கிவைக்கலாம் என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு ஒரு மாணவன் எழுந்து போய், "கனவு காலையில் ஏன் மறந்துபோகிறது?" என்று எழுதினான். அதற்குப் பிறகு சுண்ணக்கட்டிக்கு வரிசை நின்றது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் ஏன் சிறிதாகிறது? ஒளியின் வேகத்தை எப்படி அளந்தார்கள்? காரணம் சொல்லாமல் பேசுவதை நிறுத்திவிட்ட தோழியிடம் என்ன கேட்பது? மேடை ஏறினால் கால் ஏன் நடுங்குகிறது? மணி அடிப்பதற்குள் பலகையில் பதினொரு கேள்விகள் இருந்தன. அன்று விவாதம் எதுவும் நடக்கவில்லை. நடக்காதது நல்லதாயிற்று. ஒரு வாரம் முழுவதும் அந்தக் கேள்விகள் வகுப்பில் சுற்றிக்கொண்டிருந்தன.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் பாடவேளையைக் கேள்விகளைத் திரட்டுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். காத்திருக்கும்போது கையில் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார் என்றால் இது முக்கியமில்லாத நேரம் என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள். புருவம் உயர்த்தி முறைத்தால் இது தேர்வு என்று புரிந்துகொள்வார்கள்.

கேள்விகள் வரத் தொடங்கியதும் அடுத்த சிக்கல் வந்தது. பெரியவர்கள் தலைப்பைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். பதின்மூன்று வயதில் நண்பர் எங்கே போகிறார் என்று பார்த்துத்தான் கால் நகரும். கேள்வியை எழுதியவர் வகுப்பில் பலருக்கும் பிடித்தவர் என்றால் இருபது பேர் அங்கே. யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை என்றால் அவர் தன் கேள்வியோடு தனியாக நிற்பார். அப்படி ஒரு மாணவி தனியாக நின்றதைப் பார்த்த வெள்ளிக்கிழமையை என்னால் மறக்க முடியாது. பின்னப் பெருக்கல் கேள்வி அவளுடையது. அன்று இருந்தவற்றில் ஆழமான கேள்வியும் அதுதான். நான் போய் அவளோடு உட்கார்ந்தேன். ஆசிரியர் மட்டும் துணை என்பது அவளுடைய தனிமையை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டியது.

அதற்கு மறு வாரத்திலிருந்து கேள்விகளைப் பெயரில்லாத துண்டுச் சீட்டுகளில் வாங்குகிறோம். சீட்டுகள் ஒரு பெட்டியில் விழும். வியாழக்கிழமை இரண்டு மாணவர்கள் பெட்டியைத் திறந்து, ஒத்த கேள்விகளைச் சேர்த்து, சுவரில் ஒட்டுவார்கள். எல்லோரும் தங்களுக்குப் பிடித்த சீட்டின் கீழ் பெயர் எழுத வேண்டும். ஒரு சீட்டுக்கு ஆறு இடங்கள்தான். நிரம்பிவிட்டால் வேறு சீட்டு. மூன்று பேருக்குக் குறைவாகச் சேர்ந்த கேள்வி அழியாது, அடுத்த வாரத்துக்குப் போகும். இவ்வளவு எளிய ஏற்பாடு ஒரு மாதத்தில் வகுப்பின் நட்பு வரைபடத்தையே கலைத்துப் போட்டது. கேள்வி யாருடையது என்று தெரியாததால் கேள்வியைப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த மாணவியின் பின்னக் கேள்விக்கு ஆறு இடங்களும் நிரம்பின. ஒரு தாளைப் பாதியாக மடித்து, அந்தப் பாதியில் பாதியை மடித்துக் காட்டி, "பெருக்குவது என்பது இங்கே 'அதில் இவ்வளவு' என்று எடுப்பது" என்று அவளே கடைசியில் விளக்கினாள். இரண்டு கால் விதியையும் ஒரு வரம்போடு வைத்துக்கொண்டோம்: ஒரு பாடவேளையில் ஒருமுறை மாறலாம், ஆனால் உட்கார்ந்து 10 நிமிடங்களாவது ஆகியிருக்க வேண்டும்.

தானாக ஒழுங்கமைவது என்றால் ஏற்பாடே இல்லாமல் விடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சட்டம் இல்லாத இடத்தில் சத்தமான குரல்தான் சட்டமாகிறது. கேள்வியும் பேச்சும் முடிவும் பிள்ளைகளுடையவை. நேரம், இடம், குழுவின் அளவு, எல்லோருக்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பெரியவர்கள் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் 5 நிமிடம் உட்கார, அடுத்த 25 நிமிடம் பேச, 10 நிமிடம் எழுத, கடைசி 5 நிமிடம் விரும்பும் குழு ஒன்று எல்லோருக்கும் சொல்ல என்று பிரித்திருக்கிறோம். ஆளுக்கு மூன்று சட்டைப் பொத்தான்கள் கொடுத்திருந்தோம். பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர், எல்லோரும் ஒன்றையாவது வைக்கும் வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாய் ஓயாத பிள்ளைகள் தங்கள் கடைசிப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காகச் செலவிடுவது என்று யோசிப்பதைப் பார்க்க வேண்டும். பேசுவதற்கு முன் யோசிப்பது அங்கேதான் தொடங்குகிறது.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு குழுக்கள் ஒரே அறையில் பேசினால் பக்கத்து வகுப்பு நடக்காது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வருத்தப்பட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு குழுக்களைத் தாழ்வாரத்துக்கும் இரண்டை நூலகத்துக்கும் அனுப்பினோம். எல்லா இடங்களும் ஒரு பெரியவரின் கண்பார்வையில் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம்.

எங்கள் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது குழுத் தாள். ஒவ்வொரு குழுவும் ஒரு தாளை மூன்றாகப் பிரித்து எழுதித் தர வேண்டும்: என்ன கேட்டோம், எதுவரை வந்தோம், இன்னும் என்ன தெரியவில்லை. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் தாளை வாங்கமாட்டோம். பிள்ளைகளுக்கு இது முதலில் விசித்திரமாக இருந்தது. தெரியாததை எழுதினால் மதிப்பெண் குறையும் என்றுதானே பழகியிருக்கிறார்கள். ஒளியின் வேகத்தைப் பற்றிப் பேசிய குழு முதல் வாரம் ஒரு விளக்கை ஏற்றி, தூரத்தில் நின்று கடிகாரம் பார்ப்பதைத் தாண்டி வரவில்லை. எனக்குப் பதில் தெரியும். நாக்கின் நுனியில் நின்றது. சொல்லவில்லை. தாளின் மூன்றாவது கட்டத்தில் "நம் கை அழுத்தும் வேகத்தைவிட ஒளி வேகமானது, அப்படியானால் எவ்வளவு தூரம் வேண்டும்?" என்று எழுதினார்கள். அந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனவர்கள் அடுத்த வாரம் ஓலே ரோமர் என்ற வானியலாளரின் கதையோடு திரும்பினார்கள். அவர் 1676இல் வியாழனின் துணைக்கோளான அயோ மறையும் நேரங்களைக் குறித்துவந்தார். பூமி வியாழனிலிருந்து விலகிப் போகும் காலத்தில் அந்த நேரங்கள் தள்ளிப்போவதைக் கண்டு, ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று சொன்னார். "நாங்கள் கேட்ட தூரம் அவருக்கு வானத்தில் கிடைத்தது, டீச்சர்" என்றான் ஒருவன். நான் முதல் வாரமே ரோமரின் பெயரைச் சொல்லியிருந்தால் அது இன்னொரு தேர்வுக் குறிப்பாகப் போயிருக்கும்.

இனி வழிகாட்டுதல். இதில்தான் நான் செய்த பெரிய தவறு இருக்கிறது.

வட்டங்கள் ஓரளவு ஓடத் தொடங்கியதும், நன்றாகப் படிப்பவரையும் பின்தங்கியவரையும் இணை சேர்த்தால் நல்லது என்று நினைத்தேன். மதிப்பெண் பட்டியலை எடுத்து, மேலிருந்து ஒருவர் கீழிருந்து ஒருவர் என்று கோடு போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். 'வழிகாட்டி', 'வழிகாட்டப்படுபவர்' என்று தலைப்பும் எழுதினேன். இரண்டாவது வாரம் ஒரு மாணவன் வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவனை அழைத்துக் கேட்டபோது நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "என் பெயரை இரண்டாவது பத்தியில் போட்டிருக்கிறீர்கள், அதை எல்லோரும் படிக்கிறார்கள்" என்றான். அன்றே அந்தப் பட்டியலைக் கிழித்தேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். ஒரு பிள்ளையை 'உதவி தேவைப்படுபவன்' என்று ஊரறியச் சொல்லிவிட்டு அவனுக்கு உதவ முடியாது.

பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னையில் ஆண் அனாதை இல்லத்துப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுத்துகளை எழுதி ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் ஒரு எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு அந்த முறையைத் தொடங்கினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனிலும் வெளியிலும் பரவியது. அந்த வரலாற்றிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சிக்கனமாக மேய்க்கும் ஏற்பாடாக மாறியபோது, மூத்த மாணவர்கள் மனப்பாடம் ஒப்பிக்கச் சொல்லும் மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். சட்டாம்பிள்ளை என்ற சொல்லும் இன்று நம் பேச்சில் அதிகாரம் செய்பவரைத்தானே குறிக்கிறது. அதனால் எங்கள் பள்ளியில் வழிகாட்டும் மாணவருக்கு வருகைப் பதிவு, மதிப்பெண் போடுதல், பெயர் எழுதிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பட்டியலைக் கிழித்த இடத்தில் ஒரு பெரிய தாளை ஒட்டி இரண்டு பத்திகள் போட்டோம். 'என்னிடம் இருக்கிறது', 'எனக்கு வேண்டும்'. எல்லோரும் இரண்டிலும் எழுத வேண்டும் என்பது விதி. ஒன்றில் மட்டும் எழுத யாருக்கும் அனுமதியில்லை, முதல் மதிப்பெண் வாங்குபவருக்கும்தான். வெள்ளிக்கிழமைகளில் வராமல் இருந்த மாணவன் முதல் பத்தியில் "சைக்கிள் பிரேக் சரிசெய்வேன்" என்றும், இரண்டாவதில் "சமன்பாடு" என்றும் எழுதினான். வகுப்பில் முதலாவதாக வரும் மாணவி இரண்டாவது பத்தியின் முன் வெகுநேரம் நின்றாள். எனக்கு எதுவும் வேண்டியதில்லை என்று எழுதலாமா என்று கேட்டாள். வேண்டாம், அடுத்த வாரம் எழுது என்றேன். அடுத்த வாரம் மிகச் சிறிய எழுத்தில், "தப்பாகிவிடுமோ என்று பயப்படாமல் பேச வேண்டும்" என்று எழுதினாள். அவளுக்கு அதைக் கற்றுத்தர முன்வந்தவர்களில் மூன்று பேர் கணிதத்தில் தேர்ச்சி பெறாதவர்கள்.

எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் துண்டுப்புதிர் வகுப்பறை என்ற முறையை உருவாக்கினார். வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகைமை முற்றியிருந்த நேரம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் பேசுவதைக் கேட்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. எங்கள் இரண்டு பத்தித் தாளில் நடப்பதும் அதற்கு நெருங்கிய ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தேவை இரண்டு பக்கமும் இருக்கும்போது யாரும் தாழ்ந்தவர் ஆவதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். என் விளக்கம் எடுபடாத இடத்தில், முந்தின நாள்தான் புரிந்துகொண்ட ஒரு மாணவியின் விளக்கம் எடுபடுகிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991 முதல் தன் வகுப்புகளில் மாணவர்களை ஒருவருக்கொருவர் விளக்கவைத்து இதையே கண்டார். நீண்டகாலமாகத் தெரிந்தவருக்கு எங்கே தடுக்கும் என்பது மறந்துவிடுகிறது. புதிதாகக் கடந்து வந்தவருக்குத் தடுக்கிய கல் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஆறாம் வகுப்போடு சேர்த்தபோது அது மிக இயல்பாக ஒட்டியது. ஒரே வயதில் இருக்கும் போட்டி அங்கே இல்லை. மூன்று வயது மூத்தவரிடம் கேட்பதில் வெட்கமும் இல்லை. மூத்தவர்களுக்கு மட்டும் நான் அரை மணி நேரப் பயிற்சி கொடுக்கிறேன், அதன் சாரம் இரண்டே வரிகள்: பென்சில் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "எப்படிச் செய்தாய் என்று சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து வந்த வழிகாட்டிகளில் முதலில் வந்தவர் தன் தொழிலில் நன்கு பெயர் பெற்றவர். நல்ல மனத்தோடுதான் வந்தார். 45 நிமிடமும் தான் முன்னேறிய கதையைச் சொல்லிவிட்டு, "கேள்வி உண்டா?" என்று கேட்டபோது மணி அடித்தது. தவறு அவருடையது அல்ல. எதற்காக அழைக்கிறோம் என்று நாங்கள் சொல்லவில்லை. இப்போது அழைக்கும்போது ஒரே நிபந்தனை வைக்கிறோம்: நீங்கள் இன்னும் முடிக்காத ஒரு வேலையைக் கொண்டுவாருங்கள். கட்டட வரைபடம் வரைகிற ஒரு பெண் வந்தார். ஒரு மாடிப்படியை மூன்றுமுறை அழித்து வரைந்த தாளை மேசையில் விரித்தார். படியின் உயரமும் அகலமும் இடத்துக்குள் அடங்கவில்லை, நான்காவது முறை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். பிள்ளைகள் மேசையின் மேல் கவிழ்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் தெரியவில்லை என்று சொல்லி, பிறகு தங்கள் கண்முன்னே யோசிப்பதை அவர்களில் பலர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

வெளியாட்கள் வரும் இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒரு நாள்கூடத் தொடங்காதீர்கள். வருபவர் யார் என்பதைப் பள்ளி விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சந்திப்பு எப்போதும் திறந்த இடத்தில், பள்ளியின் பெரியவர் ஒருவரின் பார்வையில் நடக்க வேண்டும். தனி அறை கூடாது, தொலைபேசி எண் பரிமாற்றம் கூடாது, பள்ளிக்கு வெளியே சந்திப்பும் கூடாது. இவை நம்பிக்கையின்மை அல்ல என்பதை வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லவர் யாரும் வருந்தமாட்டார்.

ஒருமுறை பெட்டியிலிருந்து, "வீட்டில் அடித்தால் யாரிடம் சொல்வது?" என்று ஒரு சீட்டு வந்தது. வியாழக்கிழமை பெட்டியைத் திறந்த மாணவர்கள் அதைச் சுவரில் ஒட்டாமல் நேராக என்னிடம் கொண்டுவந்தார்கள். அந்த விவேகம் அவர்களுக்கு இருந்தது என் நல்ல நேரம், ஏனென்றால் அப்படி ஒரு சீட்டு வரும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. எழுதியது யார் என்று கையெழுத்தை வைத்துத் தேடவில்லை. பள்ளியில் இதற்குப் பொறுப்பானவர்கள் யார், எப்போது எங்கே சந்திக்கலாம் என்பதை மறுநாள் எல்லா வகுப்புகளிலும் சொன்னோம். நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்பதையும் சொன்னேன். நான்காம் நாள் ஒரு பிள்ளை வந்தது. "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லுங்கள்" என்று கேட்டது. அந்த வாக்குறுதியை நான் கொடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன் என்றேன். அதன் பிறகு செய்ய வேண்டியதை அதற்குப் பொறுப்பானவர்கள் செய்தார்கள். அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கும்போது ஒரு ஆசிரியரும் உடன் இருக்கிறார். வட்டத்தில் பேசியது வட்டத்தோடு இருக்கும், யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் இருக்காது என்ற வாக்கியத்தை மாதம் ஒருமுறை உரக்கச் சொல்கிறோம்.

சக ஆசிரியர்களை நான் பேசி மாற்றவில்லை. பாடத்திட்டம் முடியவில்லையே என்ற அவர்களுடைய கவலை உண்மையானது. ஒருவரை மட்டும் ஒரு வட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க அழைத்தேன். தன் வகுப்பில் எப்போதும் தூங்கிவழியும் ஒரு மாணவன் அங்கே பேசுவதை அவர் கேட்டார். அடுத்த பருவத்தில் தன் அறிவியல் வகுப்பில் அவரே மூன்று கட்டத் தாளைத் தொடங்கினார். பெற்றோர் கூட்டத்திலும் அப்படித்தான், விளக்கவுரைக்குப் பதிலாகத் தாள்களை மேசையில் பரப்பிவைத்தோம்.

பரிசு வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி நிர்வாகம் ஆர்வத்தோடு 'சிறந்த குழு'வுக்குக் கேடயம் அறிவித்தது. அந்தப் பருவம் முழுவதும் பெட்டியில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள்தான் விழுந்தன. மூன்றாவது கட்டத்தில் "ஒன்றுமில்லை, எல்லாம் தெரிந்துவிட்டது" என்று எழுதினார்கள். கேடயத்தை எடுத்த பிறகு பழைய கேள்விகள் திரும்பி வர ஆறு வாரங்களுக்கு மேல் ஆயிற்று.

கடந்த ஆண்டு உடல்நலக் குறைவால் நான் நான்கு வாரங்கள் பள்ளிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மேற்பார்வைக்கு வந்த ஆசிரியருக்கு இந்த முறை தெரியாது. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தேன். நான்கு வாரத்துத் தாள்களும் தேதி போட்டு அடுக்கப்பட்டிருந்தன. ஒன்பதாம் வகுப்பு வட்டங்களில் பொத்தான்களை நிறுத்திவிட்டிருந்தார்கள். "எங்களுக்கு இப்போது தேவைப்படவில்லை டீச்சர், யார் பேசவில்லை என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஆறாம் வகுப்புக்கு மட்டும் வைத்திருக்கிறோம்" என்றாள் பெட்டிப் பொறுப்பில் இருந்த மாணவி. அவர்களுடைய தாள்களை எடுத்து யாருடைய கையெழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. குழு அளவை மட்டும் ஆறிலிருந்து எட்டாக உயர்த்தியிருந்தார்கள். அந்தத் தாள்களில் இரண்டு பேரின் கையெழுத்து எங்குமே இல்லை. அதைக் காட்டினேன். மறுவாரம் அவர்களே ஆறுக்குத் திரும்பினார்கள்.

இப்போது பெட்டி எட்டாம் வகுப்புக்குக் கைமாறும் நேரம். பொத்தான் டப்பா, காலித் தாள்கள், அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்த சீட்டுகள் பதினான்கு. கனவு ஏன் மறந்துபோகிறது என்ற கேள்வியும் அதில் இன்னும் இருக்கிறது.